அத்திப்பட்டு புதுநகர் தூசியை நாங்களே அளக்க முடியுமா? எந்தக் கருவி வாங்குவது?

புதுநகர் டீச்சர்:

வணக்கம். சென்னைக்கு வடக்கே, எண்ணூர்ப் பக்கம் அத்திப்பட்டு புதுநகரில் இருக்கிறேன், வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். மாடியில் காயும் துணி, தண்ணீர்த் தொட்டி மூடி, ஜன்னல் கம்பி, எல்லாவற்றிலும் தூசி. இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை, தெரியும். ஆனால் இது ஒரே தூசி இல்லை என்பதுதான் என் சந்தேகம். மத்தியானம் கடற்காற்று திரும்பியதும் படிவது கறுப்பு. துணியில் தேய்த்தால் போகாது, இன்னும் இழுக்கும். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது படிவது வெளிர்சாம்பல் நிறம், முகப் பவுடர் மாதிரி நைசாக இருக்கும்.

போனில் பார்த்தால் காற்று "திருப்திகரம்" என்கிறது. அது எங்கள் காற்றே இல்லை, மணலியில் இருக்கும் காற்று கண்காணிப்பு ஸ்டேஷன் அளவை எடுத்துக் காட்டுகிறது என்று பிறகுதான் புரிந்தது. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளில் இன்ஹேலர் பையில் வைத்திருப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

கலிபோர்னியாவில் சால்டன் ஏரிப் பக்கம் பாலைவன ஊர்களில் ஜனங்களே 40 இடத்தில் கருவி மாட்டித் தூசியை அளந்தார்கள் என்று படித்தேன். எங்கள் தெரு இளைஞர் மன்றப் பையன்கள் அதைக் கேட்டுவிட்டு, ஆன்லைனில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் லேசர் சென்சார் நாலைந்து வாங்கி மாட்டிவிடலாம் என்று காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். வாங்குவதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தேன். பாலைவனத்தில் செய்தது நம் கடலோரத்துக்குச் சரிப்படுமா? எந்த மாடல் நல்லது?

ஃபில்டர்பேப்பர்:

டீச்சர், பையன்களைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். காற்று மாதிரி எடுக்கும் ஃபீல்டு வேலையில் ரொம்ப காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் மாடியில் படியும் தூசியை அந்த லேசர் சென்சார் பார்க்கவே பார்க்காது.

பிளான்டவர், நோவா என்று சந்தையில் இருக்கும் எல்லாமே ஒரே வேலைதான் செய்கின்றன. ஒரு குட்டி ஃபேன் காற்றை இழுக்கும், துகள் மேல் லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எண்ணிக்கை போடும், அந்த எண்ணிக்கையை ஒரு சூத்திரத்தில் போட்டு மைக்ரோகிராமாகக் காட்டும். புகைக்கு இது நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. கரித்தூசியும் சாம்பலும் அப்படி இல்லை, பெரிய துகள். அந்தச் சின்ன ஃபேன் இழுப்புக்கு அது வளைந்து உள்ளே வராது, வந்தாலும் சென்சாருக்கு அதைச் சரியாக எடைபோடத் தெரியாது. திரையில் பி.எம். 10 (பத்து மைக்ரானுக்குள் இருக்கும் துகள்) என்று ஒரு எண் வரும், அதை நம்பாதீர்கள், பல மாடல்களில் அது சின்னத் துகளை வைத்துப் போட்ட ஊகக் கணக்குதான். கடைசியில் என்ன ஆகும் தெரியுமா? கறுப்புத் தூசி கொட்டுகிற நாளில் உங்கள் சொந்தக் கருவியே "காற்று நன்று" என்று காட்டும், அந்தத் தாளை எதிர்த்தரப்பு ஆள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வான்.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. கடல் உப்புத் துகள் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்து ஊதிப்போகும். நம் ஊரில் மார்கழி விடியற்காலை எவ்வளவு ஈரம் என்று உங்களுக்கே தெரியும். அப்போது சென்சார் ஒன்றுமில்லாததைப் பெரிதாகக் காட்டும். பாலைவனத்துக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு, நமக்கு வருடத்தில் பாதி நாள் இதுதான்.

முறையான வழி, ஃபில்டர் பேப்பர் வைத்த சாம்பிளர். காற்றை இழுத்துப் பேப்பரில் பிடித்து, பேப்பரை முன்னும் பின்னும் எடை போடுவது. தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தில் கத்திவாக்கம், திருவொற்றியூரில் கையால் எடுப்பது இப்படித்தான், வாரம் 2 நாள், வருடத்துக்கு 104 நாள் கணக்கு. சாம்பிளர் லட்சக்கணக்கில் விலை, கரன்ட், ஆள், கேலிப்ரேஷன் எல்லாம் வேண்டும். நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. உங்கள் கேள்விக்கு அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது, ராத்திரி விவரமாக எழுதுகிறேன்.

நெட்டுக்குப்பம் ஆள்:

கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், ஆனால் அளந்து என்ன ஆகப்போகிறது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009லேயே மணலியைக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் போட்டது. அளவு இல்லாமலா போட்டார்கள்? 2011ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, சுற்றியிருந்த ஜனங்களுக்குக் கரித்தூசித் தொல்லை என்பதால்தான் சொன்னது. நல்ல தீர்ப்பு. அந்த நிலக்கரி எங்கே போனது? ஆவியாகவா போனது? எண்ணூர்த் துறைமுகத்துக்கு வந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டைக்காரன் நெஞ்சில் இறங்கக்கூடாதது நம் நெஞ்சில் இறங்கலாம் என்று ஆகிவிட்டது. 450 மெகாவாட் பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017ல் மூடினார்கள், சரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன, வல்லூர் மட்டும் 1500 மெகாவாட்.

அப்புறம் நாம் எடுத்த அளவைக் கொண்டுபோனால் முதல் கேள்வி என்ன தெரியுமா? "எந்த லேப், என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கா?" லேபுகளுக்கு அரசு தரும் தரச்சான்று அது, நம்மிடம் ஏது? அத்தோடு முடிந்தது. அந்தக் காசை வைத்து நல்ல வக்கீலைப் பாருங்கள்.

மணல்மேடு:

ஜோத்பூரில் தார்ப் பாலைவனப் புழுதி பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், வீடு மீஞ்சூர். அக்கா கேட்ட "பாலைவனத்தில் செய்தது இங்கே சரிப்படுமா" என்பதற்கு மட்டும் என் பதில்: கருவி சரிப்படாது, அவர்கள் யோசித்த விதம் நிச்சயம் சரிப்படும்.

சால்டன் ஏரி இயற்கை ஏரி இல்லை. 1905ல் கொலராடோ ஆறு ஒரு வாய்க்காலை உடைத்துக்கொண்டு பாலைவனப் பள்ளத்தில் பாய்ந்து உண்டானது. பிறகு வயல்களின் வடிகால் நீர்தான் அதை உயிரோடு வைத்திருந்தது. 2003 ஒப்பந்தப்படி வயல் தண்ணீரில் ஒரு பங்கு சான் டியேகோ நகரத்துக்குப் போகத் தொடங்கியது, ஈடாக ஏரிக்கு விட்ட தண்ணீரும் 2017 முடிவோடு நின்றது. ஏரி சுருங்கச் சுருங்க, பல வருட உரமும் பூச்சிமருந்தும் இறங்கிய தரை வெளியே வந்து காற்றில் பறக்கிறது. அந்த இம்பீரியல் மாவட்டம், குழந்தைகளை ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் கலிபோர்னியாவிலேயே முன்வரிசையில் இருப்பது. நகரத்துக்குத் தண்ணீர், கிராமத்துக்குத் தூசி. நகரத்துக்குக் கரன்ட், நமக்குச் சாம்பல். நெட்டுக்குப்பம் அண்ணன் சொன்னதும் இதே கதைதான்.

அந்த 40 கருவிகளை அவர்கள் கடையில் வாங்கியபடியே மாட்டவில்லை என்பதுதான் முக்கியம். சாதாரண துகள் எண்ணும் கருவியை மாற்றியமைத்து, ஈரப்பதத்துக்குத் திருத்தம் சேர்த்து, அரசுக் கருவிக்குப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஊருக்குள் கொண்டுபோனார்கள். எங்கே மாட்டுவது என்பதை ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். அரசாங்க ஸ்டேஷன் எங்கெல்லாம் இல்லையோ அங்கே. அப்படியும் புழுதிப் புயல் நாளில் ஒளிச்சிதறல் சென்சார்கள் குறைத்துக் காட்டும் என்பதில் ஃபில்டர்பேப்பர் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

உங்களுக்கு இன்னும் பொருத்தமான ஊர் ஓவன்ஸ் ஏரி. அதுவும் கலிபோர்னியாதான். 1913ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஆற்றைத் திருப்பிக்கொண்டது, 1926 வாக்கில் ஏரி காய்ந்துவிட்டது, அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலேயே பி.எம். 10 அதிகம் கிளம்பும் ஒற்றை இடம் அதுதான். அங்கே "இந்தத் தூசி எங்கள் ஏரியிலிருந்து வரவில்லை" என்று யாரும் தப்பிக்க முடியாமல் செய்தது என்ன தெரியுமா? காற்றில் எவ்வளவு மைக்ரோகிராம் என்ற எண் மட்டும் இல்லை. ஏரித் தரையில் வரிசையாக மணல் பிடிக்கும் குழாய்களை நட்டு, எந்தக் கட்டத்தில் மணல் துள்ளுகிறது என்று பார்த்தார்கள். கூடவே காற்றின் வேகமும் திசையும், கேமராவும். தூசி எந்தத் துண்டு நிலத்திலிருந்து கிளம்புகிறது என்பது வரைக்கும் கைகாட்டிவிட்டார்கள். அதன்பின் நகரம் 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்துத் தரையில் மெல்லிசாகத் தண்ணீர் நிறுத்தியது, உப்புப்புல் வளர்த்தது, ஜல்லி கொட்டியது.

அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து கொட்டிவைக்கும் சாம்பல் குளம் காய்ந்தால், அது ஒரு குட்டி ஓவன்ஸ் ஏரிதான். மேலே தண்ணீர் நின்றால் பறக்காது. காய்ந்தால், காற்று ஒரு வேகத்தைத் தாண்டியதும் மொத்தமாகக் கிளம்பும். இதில்தான் உங்களுக்கு இலவசமாக ஒரு சோதனை இருக்கிறது. தரையிலிருந்து கிளம்பும் தூசி காற்று பலமாக அடித்தால் கூடும். அடுப்பு, லாரி, குப்பை எரிப்புப் புகை நேர்மாறு, காற்று அசையாத தை மாத விடியற்காலையில்தான் தேங்கி நிற்கும், காற்று அடித்தால் கலைந்துவிடும். ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு நாளும் காலை, மத்தியானம், ராத்திரி காற்று எந்தப் பக்கமிருந்து, பலமா மெதுவா, என்ன நிறத் தூசி, அவ்வளவுதான். மணலி ஸ்டேஷனின் தூசி அளவு உங்களுக்கு உதவாது, ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் அதே ஸ்டேஷனின் காற்று வேகமும் திசையும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவாகியிருக்கும், இறக்கிக்கொள்ளலாம். நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்தால் பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடும். நீங்கள் சொன்ன "கடற்காற்றில் கறுப்பு, மேல்காற்றில் சாம்பல்" என்பதே ஏற்கெனவே ஒரு நல்ல அளவீடு அக்கா, தேதி போட்டு எழுதாததுதான் குறை.

புதுநகர் டீச்சர்:

ரொம்ப நன்றி தம்பி. நோட்டு இன்றைக்கே தொடங்கிவிட்டோம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொறுப்பு. கிழக்கே துறைமுகமும் நிலக்கரிக் குவியலும் என்று தெரியும், மற்றவற்றையும் திசையோடு ஒரு தாளில் வரையச் சொல்லியிருக்கிறேன்.

நெட்டுக்குப்பம் அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் வக்கீலிடம் போனால் அவரும் "என்ன ஆதாரம் இருக்கு" என்றுதானே கேட்பார்? மனு எழுதும்போது "தூசி அதிகம்" என்று எழுதுவதற்கும் "கிழக்குக் காற்று பலமாக அடித்த இந்தந்தத் தேதிகளில் நிலக்கரித் துகள்" என்று எழுதுவதற்கும் வித்தியாசம் இல்லையா?

ஃபில்டர்பேப்பர் ஐயா, சுலபமான வழி என்றீர்களே?

ஃபில்டர்பேப்பர்:

வந்துவிட்டேன். படியும் தூசியை, படியும் தூசியாகவே பிடியுங்கள். இதற்கென்று இந்தியத் தர நிர்ணய முறையே இருக்கிறது, பழைய காலத்து முறை, இப்போது யாரும் சீண்டுவதில்லை. வாயகன்ற உயரமான ஒரு ஜாடி, அடியில் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு மாதம் மொட்டைமாடியில். அவ்வளவுதான் கருவி.

கைப்பிடிச் சுவர் ஓரத்தில் வைக்காதீர்கள், காற்று அங்கே சுழலும். மாடி நடுவில் ஆள் உயரத்துக்கு ஸ்டாண்டு போட்டு வையுங்கள், மாடியைப் பெருக்கும் தூசி அதில் விழக்கூடாது. காக்கா உட்காரும், அதற்காக ஜாடி வாயைவிடப் பெரிய கம்பி வளையம் ஒன்றைச் சுற்றிக் கட்டினால் அதன்மேல் உட்கார்ந்துவிட்டுப் போகும். சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் வற்றும், பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும். பாசி பிடிக்காமல் மயில்துத்தம் ஒரு சிட்டிகை.

மாதம் முடிந்ததும் இலை, பூச்சியை எடுத்துவிட்டு மீதியை, முன்பே எடை பார்த்த வாட்மேன் பேப்பரில் (லேபில் வடிகட்டும் பேப்பர்) வடிகட்டி, மேலே ரெண்டு முறை நல்ல தண்ணீர் விடுங்கள். கடல் உப்பும் மயில்துத்தமும் கரைந்து கீழே போய்விடும், பேப்பரில் நிற்பது கரையாத தூசி மட்டும். சென்சாரால் செய்ய முடியாததை இந்த ஒரு வடிகட்டல் செய்துவிடும். பேப்பரைக் காயவைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு ராத்திரி மூடிவைத்து எடை போடுங்கள். மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும், நகைக்கடைத் தராசே போதும். கூடவே தூசி படாத ஒரு வெறும் பேப்பரையும் ஒவ்வொரு முறையும் எடை போடுங்கள், ஈரத்தால் பேப்பர் எடை எவ்வளவு ஆடுகிறது என்று அதில் தெரியும்.

எவ்வளவு வந்தால் அதிகம்? ஜெர்மனியில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 350 மில்லிகிராம் என்று வருட சராசரிக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 20 செ.மீ. வாய் ஜாடிக்கு அது ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம், மாதத்துக்கு 330 மில்லிகிராம் வரும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம், ஒரே மாதிரி ஜாடியை ரோட்டோரம் ஒன்று, ஊர்க் கிழக்குக் கோடியில் ஒன்று, சாம்பல் குளப் பக்கம் ஒன்று, மீஞ்சூரில் மணல்மேடு தம்பி வீட்டு மாடியில் ஒன்று என்று ஒரே மாதத்தில் வைப்பது. ஒன்றை மட்டும் வைத்தால் அது வெறும் எண்.

அப்புறம் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதிலிருந்து கொஞ்சம் தூசியைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து, எந்தப் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பிலும் 400 மடங்கில் பாருங்கள். அனல்மின் சாம்பல் உருகி ஆறியது என்பதால் கண்ணாடிக் குண்டுகளாக, அச்சு வட்டமாகத் தெரியும். மணல் கோணல்மாணலாக, ஒளி ஊடுருவும். நிலக்கரி கறுப்பு, ஓரம் கூராக உடைந்திருக்கும். நம் நாட்டு நிலக்கரியில் 30, 40 சதவீதம் வரை சாம்பல்தான், அதனால் குண்டுக்குப் பஞ்சமிருக்காது. பிள்ளைகளை நூறு துகள் எண்ணி எத்தனை குண்டு, எத்தனை கரி என்று எழுதச் சொல்லுங்கள், போட்டோவும் எடுங்கள். எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல சயின்ஸ் பாடம் என்ன இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். ஜாடியில் விழுவது மூக்கில், தொண்டையில் நிற்கும் பெரிய தூசி. நுரையீரல் ஆழத்துக்குப் போகும் பி.எம். 2.5 அதில் வராது. யார் தூசி என்று ஜாடி சொல்லும், உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்று சொல்லாது.

நர்ஸம்மா திருவொற்றியூர்:

கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். டீச்சர், பிள்ளைகளின் வீசிங்கை அளக்கவும் சுலபமான பொருள் ஒன்று இருக்கிறது, பீக் ஃப்ளோ மீட்டர், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும். மருந்துக்கடையிலேயே கிடைக்கும், விலையும் பெரிதில்லை. ஆறேழு வயதுக்கு மேல் இருந்தால் ஊதப் பழகிவிடும். காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதில் அதிகமான எண்ணை எழுதணும். பெற்றோர் சம்மதத்தோடு, டாக்டருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நோட்டில் பிள்ளை பெயர் வேண்டாம், ஒரு குறியீடு போதும். நாளைக்கு இந்த நோட்டு எந்தக் கையில் எல்லாம் போகும் என்று சொல்ல முடியாது.

சென்சார் காசை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். ஒன்றே ஒன்று வாங்கி வகுப்பறைக்குள் வையுங்கள். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி கொளுத்துகிறோம். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. வெளித்தூசிக்குப் பயந்து ஜன்னலை மூடி, உள்ளே அதை ஏற்றினால் பிள்ளைக்கு வீசிங் வராமல் என்ன செய்யும்? இது புகை என்பதால் அந்த சென்சாருக்கு நன்றாகவே தெரியும். இப்படிச் சொன்னதால் தொழிற்சாலைக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், உள்ளேயும் வெளியேயும் ரெண்டுமே அந்தப் பிள்ளை நுரையீரலுக்குத்தான் போகிறது.

"திருப்திகரம்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் அந்த வார்த்தை வர பி.எம். 2.5 ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 31 முதல் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். 60 என்பது நம் நாட்டு 2009 வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னது 15. அந்தப் பச்சைக் கலரைப் பார்த்து நிம்மதியாக இருக்க வேண்டாம்.

நெட்டுக்குப்பம் ஆள்:

குண்டு குண்டாகத் தெரியும் போட்டோ என்றால் சரி, அது பேசும். எந்த லேப் என்று கேட்கிறவன்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கணும்.

ஒரு யோசனை. கடலூர் சிப்காட்டில் 2004லிருந்து ஊர்க்காரர்களே வாளி வைத்துக் காற்றைப் பிடித்து லேபுக்கு அனுப்பினார்கள், அது விஷவாயுவுக்கு, தூசிக்கு உதவாது. ஆனால் அவர்கள் தினமும் நாற்ற நோட்டு எழுதினார்கள், எந்த நேரம், எந்தப் பக்கம், என்ன வாடை என்று. அதே பழக்கம்தான் மணல்மேடு தம்பி சொல்வதும். நோட்டையும் ஜாடிக் கணக்கையும் வைத்துக்கொண்டு "எங்கள் அளவை ஒத்துக்கொள்" என்று கேட்காதீர்கள். "எங்கள் ஊரில் நீயே வந்து அள, இந்த மாதத்தில், இந்தக் காற்றில், இந்த இடத்தில் வை" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வந்து அளந்துவிட்டு எல்லாம் நன்று என்று எழுதிவிட்டுப் போவார்கள். கூடவே ஆர்.டி.ஐ. போட்டு, சாம்பல் குளத்தில் தண்ணீர் தெளிப்பது, லாரிக்குத் தார்ப்பாய் போடுவது பற்றி அனுமதி ஆணையில் என்னென்ன நிபந்தனை இருக்கிறது என்று வாங்கிவிடுங்கள். மனு எழுதும்போது நானும் வருகிறேன்.

புதுநகர் டீச்சர்:

வாங்க அண்ணா, ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு மாடியிலேயே உட்காரலாம். சென்சார் ஒன்று, மீதிக் காசுக்கு ஜாடி என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன், முகம் சுருங்கிவிட்டது, மைக்ராஸ்கோப் என்றதும் கொஞ்சம் தேறினார்கள். ஐயா, ஜாடி பிளாஸ்டிக்கில் வாங்கலாமா, கண்ணாடியா? ஐப்பசி மழைக்கு என்ன செய்வது?

ஃபில்டர்பேப்பர்:

பிளாஸ்டிக் போதும், பக்கம் செங்குத்தாக இருக்கணும், எல்லாம் ஒரே கடையில் ஒரே அளவில் வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஜாடி நிரம்பி வழிந்தால் அந்த மாதக் கணக்கு வீண், எடுத்துவிடுங்கள். தை பிறந்ததும் திரும்ப வைக்கலாம், ஆனால் போகி கழிந்த பிறகு வையுங்கள்.